அன்றும் இன்றும்

இங்கிலாந்தில் சிலருக்கு விநோதமான ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு உண்டு. இரண்டாம் உலகப்போருக்காக அவசரமாகக் கட்டி, முடிந்ததும் கைவிட்ட விமானதளங்களைத் தேடிப்போய் போட்டோ எடுப்பது. 1942-ல் சராசரியாக மூன்று நாளைக்கு ஒரு தளம் கட்டித் தள்ளினார்கள். அப்புறம் பல ஓடுபாதைகளைப் பெயர்த்து ரோடு போட எடுத்துப் போனார்கள். மிச்ச இடத்தில் கோதுமை, கோழிப்பண்ணை. சில்வர்ஸ்டோனில் கார் பந்தயம்.

இந்தப் படங்களை வரிசையாகப் பாருங்கள். பத்தாவதில் அலுத்துவிடும். கண்ணாடி உடைந்த கன்ட்ரோல் டவர், பின்னால் கறுத்த மேகம், கான்கிரீட் வெடிப்பில் ஒற்றைப் பூ. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டவருக்குப் பதில் பாழடைந்த ரைஸ்மில் இருந்தாலும் இதே படம்தான் கிடைக்கும். சோகமெல்லாம் மேகத்தில் இருக்கிறது, இடத்தில் இல்லை.

இதற்கு மாற்று மருந்தாக நான் சிபாரிசு செய்வது, ரோஜர் ஃப்ரீமன் 1978-ல் எழுதிய 'ஏர்ஃபீல்ட்ஸ் ஆஃப் தி எய்த்: தென் அண்ட் நவ்'. ஃப்ரீமன் ஒரு விவசாயி. சின்னப் பையனாக எஸ்ஸெக்ஸில் அமெரிக்க விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர். புத்தகத்தின் உத்தி ரொம்ப சிம்பிள். போர்க்காலப் படம் ஒன்று, அதே இடத்தில் நின்று பிற்பாடு எடுத்த படம் ஒன்று. முதலாவதில் குண்டுவீச்சு விமானம், சிரிக்கும் பையன்கள். அடுத்ததில் வேலி, உழுத நிலம். கலைநயமெல்லாம் கிடையாது. சில படங்கள் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எடுத்த மாதிரி இருக்கும். ஆனால் இங்கிலாந்திலிருந்து பறந்த அந்த எட்டாவது விமானப்படையில் 26,000 பேருக்கு மேல் திரும்பவில்லை, பெரும்பாலும் இருபது சொச்சம் வயசு என்று தெரிந்து பார்த்தால், அந்த வேலியையும் நிலத்தையும் சட்டென்று புரட்டிவிட முடியாது.

சினிமாவில் இதையே ஹென்றி கிங் 1949-ல் 'ட்வெல்வ் ஓ'க்ளாக் ஹை' படத்தின் ஆரம்பத்தில் செய்தார். நடுத்தர வயசுக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து புல் மண்டிய தளத்தில் நிற்கிறார். ஒண்ணும் நடக்கவில்லை. மெல்ல எஞ்சின் சத்தம் கேட்கிறது, புல் சாய்கிறது. அவரிடம் ஒரு 'அன்று' இருக்கிறது. அதனால்தான் நமக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது.

நம் ஊரிலும் இப்படி உண்டு. எண்பதுகளில் சோழவரம் கார் ரேஸுக்குப் போனவர்கள் போர்க்கால ஓடுபாதையில்தான் கார் பார்த்தார்கள். உளுந்தூர்பேட்டையிலும் ஒன்று இருக்கிறது. செல்போனோடு கிளம்பினால், அனுமதி கேட்டுவிட்டு, முதலில் பக்கத்து ஊர் டீக்கடைக்குப் போங்கள். யார் நிலம் போனது, யார் ஜல்லி சுமந்தார்கள், தாத்தா என்ன சொன்னார் என்று விசாரியுங்கள். அதைக் குறித்துக்கொண்டு அப்புறம் படம் எடுங்கள். கான்கிரீட் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.