அச்சம் நகையாதல்: ‘பாதாள பைரவி’ திரைப்படத்தின் ஈர்ப்பு

தமிழ்த் திரைப்படங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சமுதாயச் சிக்கல்களை வெளிப்படையாகப் பேசும் படங்களையே எடுத்துக்கொள்கின்றன. மாயமந்திரமும் காதலும் வீரச்செயலும் கலந்த கதைப்படங்கள் ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டு விடுகின்றன. மக்கள் பெரிதும் விரும்பிப் பார்த்த ஒரு படத்தை இவ்வாறு ஒதுக்கினால், அவர்கள் அதில் கண்ட சுவை யாது என்னும் வினாவையும் நாம் ஒதுக்கியவர்கள் ஆவோம். விசயா நிறுவனத்தின் சார்பில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தயாரிக்க, கே. வி. ரெட்டி இயக்கத்தில் 1951ஆம் ஆண்டு தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த ‘பாதாள பைரவி’யை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறோம்.

கதையும் அதன் மூலமும்

உச்சயினி அரண்மனைத் தோட்டக்காரியின் மகன் இளவரசி இந்துமதியைக் காதலிக்கிறான். தனக்கு நிகரான செல்வத்தை ஈட்டி வந்தால் மகளைத் தருவதாக அரசன் கூறுகிறான். வேண்டியதையெல்லாம் தரும் பாதாள பைரவியின் பதுமையைப் பெற அறிவும் துணிவும் உடைய ஓர் இளைஞனைப் பலியிட வேண்டியிருப்பதால், நேபாள மந்திரவாதி ஒருவன் அவனை அழைத்துச் செல்கிறான். சூழ்ச்சியை அறிந்துகொண்ட நாயகன் மந்திரவாதியையே பலியாக்கிப் பதுமையைப் பெறுகிறான். சீடனால் உயிர்பெறும் மந்திரவாதி பதுமையைக் கவர, மாளிகையும் இளவரசியும் மறைந்துபோகின்றனர். அவர்களைத் தேடி மீட்பதே பிற்பகுதி.

மதிர சுப்பண்ண தீட்சிதரின் ‘காசி மஜிலி கதலு’ என்னும் தெலுங்குக் கதைத்தொகுதியைத் தழுவியது இப்படம். ‘மஜிலி’ என்பது வழிப்பயணத்தில் தங்கும் இடத்தைக் குறிக்கும். காசிக்குச் செல்லும் மணிசித்தர், உடன்வரும் கோபன் என்னும் ஆயனுக்குத் தங்குமிடந்தோறும் கதை சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. பலியிட வந்தவனே பலியாவது வேதாளக் கதையின் முடிவை நினைவூட்டுகிறது. மாளிகையோடு இளவரசி மறைவது அலாவுதீன் கதையில் வருவது. நாயகனின் தோழன் அஞ்சி, சண்டையிடும் இருவரை ஏமாற்றி மாயப் பொருள்களைப் பெறும் நிகழ்ச்சிக்குக் ‘கதாசரித்சாகர’த்தில் வரும் புத்திரகனின் கதை முன்னோடியாகும். அங்கும் அசுரன் மயனின் மக்கள் இருவரிடமிருந்து பறக்கும் பாதுகைகள் அவ்வாறே பெறப்படுகின்றன. ஆகவே படத்தின் ஈர்ப்பு கதையின் புதுமையில் இல்லை. அக்கதை கையாளப்பட்ட முறையிலேயே உள்ளது எனலாம்.

அச்சமும் நகையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கையும் இறையையும் கூறுகிறது. உரையாளர்கள் அணங்கு என்பதற்குப் பேய் முதலியவற்றையும், இறை என்பதற்கு அரசன் போன்ற மேலோரையும் கொள்வர். நகையின் நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் இடம்பெறுகின்றன. ‘பாதாள பைரவி’ அணங்கையும் இறையையும் முன்னிறுத்தி, அவற்றைச் சிறிது சிறிதாக எள்ளலுக்கும் பேதைமைக்கும் உரியனவாக மாற்றுகிறது. அச்சத்திற்குரியவை நகைக்குரியவை ஆவதே இப்படத்தின் அடிப்படை இயக்கம் என நாம் கருதுகிறோம்.

எஸ். வி. ரங்காராவ் ஏற்ற மந்திரவாதிப் பாத்திரம் இதற்குச் சிறந்த சான்று. முற்பகுதியில் அவனது நீண்ட தாடியும் கனத்த குரலும் நிதானமான நடையும் மெய்யாகவே அச்சம் தருகின்றன. இந்துமதியைக் கவர்ந்த பின்னரோ அவன் ஒரு மூத்த காதலனாகக் குழைகிறான். அவளுக்கு அழகனாகத் தோன்ற வேண்டும் என்னும் விருப்பமே அவனை ஏமாறச் செய்கிறது. சீடன் வடிவில் வந்த அஞ்சியின் சொல்லை நம்பித் தன் ஆற்றலெல்லாம் அடங்கியிருந்த தாடியை மழித்துக்கொள்கிறான். வாளால் வெல்லப்படும் முன்னரே அவன் சிரிப்பால் வெல்லப்பட்டு விடுகிறான். முற்பகுதியில் ரங்காராவ் அச்சத்தைக் குறையின்றி உருவாக்கியிருப்பதனால்தான் பிற்பகுதியின் நகை ஆழம் பெறுகிறது.

அரசன் நிலையும் இத்தகையதே. தோட்டக்காரியின் மகனைக் குடிப்பிறப்பால் விலக்கும் அரசன், செல்வத்தையே அளவுகோலாக முன்வைக்கிறான். அந்த அளவுகோலை ஒரு சிறு பதுமை ஒரே நொடியில் நிறைவு செய்துவிடும்பொழுது, அரசனுக்கும் தோட்டக்காரிக்கும் இடையிலான வேறுபாடு வெறும் பொருளளவு என்பது வெளிப்படுகிறது. இதனை எந்தப் பாத்திரமும் வசனமாகப் பேசுவதில்லை. படம் பார்ப்போர் சிரித்துக்கொண்டே இதனை உணர்ந்துகொள்கின்றனர்.

இவ்விடத்தில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 1950ஆம் ஆண்டு வெளிவந்த ‘மந்திரி குமாரி’யை ஒப்பிடுதல் பொருந்தும். குண்டலகேசிக் கதையைத் தழுவிய அப்படமும் அரண்மனையையே களமாகக் கொண்டது. மு. கருணாநிதியின் வசனம் அக்களத்தை அரசியல் மேடையாக்கியது. அதிகாரத்தின் மீது சினம் எழுப்பியது. ‘பாதாள பைரவி’ அதிகாரத்தின் மீதுள்ள அச்சத்தைப் போக்கியது. சினமும் நகையும் இருவேறு வழிகள். முன்னதை மட்டும் சமுதாய நோக்குடையது என்று கொள்வது ஒருதலைப்பட்சமாகும்.

மாயமும் மனித அறிவும்

மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு இப்படத்தின் பெருந்துணை. கணினி வரைகலை இல்லாத காலத்தில், ஒளியாலும் அரங்க அமைப்பாலும் படக்கருவியின் நுட்பத்தாலுமே மாய உலகம் படைக்கப்பட்டது. 1957இல் ‘மாயா பஜா’ரில் இதே இயக்குநரும் இதே ஒளிப்பதிவாளரும் இக்கலையை மேலும் வளர்த்தனர். 1952இல் நடைபெற்ற முதல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் ‘பாதாள பைரவி’ திரையிடப்பட்டமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

எனினும் மாயத்தை இப்படம் போற்றிக்கொண்டே நிற்கவில்லை. பதுமையால் வந்த மாளிகை பதுமையாலேயே மறைகிறது. அதனை மீட்பது நாயகனின் விடாமுயற்சியும் தோழனின் சமயோசித அறிவுமே ஆகும். மாயப் பொருள்கள் அஞ்சிக்குக் கிடைப்பதும்கூட அவனது அறிவினால்தான். ஏதுமற்றவனுக்கு எஞ்சும் உடைமைகள் அறிவும் நட்பும் என்பதைப் படம் மகிழ்ச்சியோடு நிறுவுகிறது.

குறைகளும் உள்ளன. நகை அனைவரையும் ஒருபடித்தாக விடுவிக்கவில்லை. இந்துமதி மந்திரவாதியை ஏற்க மறுத்து உறுதியாக நிற்கிறாள். ஆயினும் அவளது விடுதலை பிறர் செயலாகவே அமைகிறது. ஏமாற்றும் இன்பமும் வெல்லும் இன்பமும் ஆடவர்க்கே உரியனவாகின்றன. மேலும், அரசனின் அளவுகோலைப் பொருளற்றதாக்கிய படம், நாயகனை அதே அரண்மனை வாழ்வில் கொண்டு சேர்ப்பதோடு நிறைவுறுகிறது. அரண்மனை ஏன் இருக்க வேண்டும் என்று அது வினவவில்லை.

முடிவுரை

இத்தகைய படங்களைத் ‘தப்பித்தல்’ என்று பெயரிட்டு ஒதுக்குவோர் உளர். காசிக்கு நடந்த ஆயன் கதை கேட்டது பயணத்திலிருந்து தப்பித்துக்கொள்வதற்காக அன்று. கதை முடிந்ததும் அவன் மறுநாள் வழியைத் தொடர்ந்தான். ‘பாதாள பைரவி’ தரும் மகிழ்வும் அத்தகைய இளைப்பாறுதலே. அஞ்சத்தக்கவர் எனக் கருதப்பட்டோரைப் பார்த்துச் சிரித்த மனம், திரையரங்கை விட்டு வெளியே வரும்பொழுது முன்னினும் சற்று நிமிர்ந்தே வரும். அந்த நிமிர்வை அளவிடும் கருவி நம் திறனாய்வில் இல்லை என்றால், குறை திறனாய்வினுடையதே ஆகும்.