பெயர்ச்சொல்லின் அதிகாரம்: மலேயா 1948–60

மொழி கவிஞனின் விஷயம், சர்க்கார் அரசியல்வாதியின் விஷயம் என்று நம்மில் பலர் ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறோம். மொழியைக் கவனித்தால் முற்போக்கு நண்பர்கள் உருவவாதம் என்கிறார்கள். அரசியலைக் கவனித்தால் நம் பக்கத்தவர்கள் பிரச்சாரம் என்கிறார்கள். இந்தப் பாகப்பிரிவினையை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாத ஒரு ஸ்தாபனம் உண்டு. அது காலனி சர்க்கார். ஒரு கலகத்தை எதிர்கொள்ளும்போது துப்பாக்கியோடு கூடவே, சில சமயம் அதற்கு முன்பாகவே, அது கையில் எடுப்பது பெயர்ச்சொல்லை. மலேயாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கலகத்தை பிரிட்டிஷ் சர்க்கார் அடக்கிய விதத்தை ஒரு மொழிக் காரியமாகவும் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அப்படிப் படித்தால் அந்தக் காலத்தைப் பற்றிய நாவல்களை மதிப்பிட ஓர் அளவுகோலும் கிடைக்கிறது.

முதலில் சம்பவங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாட்களில் மலேயா முழுவதும் 'எமர்ஜென்ஸி' பிரகடனமாயிற்று. ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1957-ல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் எமர்ஜென்ஸி நீடித்து, 1960 ஜூலை 31-ல்தான் முடிந்தது. இந்தப் பன்னிரண்டு வருஷங்களில் 6,710 கெரில்லாக்களும், பாதுகாப்புப் படையினர் 1,800-க்கு மேற்பட்டவர்களும், 2,478 சாதாரண ஜனங்களும் கொல்லப்பட்டார்கள். காட்டின் மேல் விமானங்கள் குண்டு வீசின. இருந்தும் இது யுத்தம் அல்ல, எமர்ஜென்ஸி. யுத்தம் என்றோ உள்நாட்டுப் போர் என்றோ அழைத்தால் லண்டன் இன்ஷூரன்ஸ்காரர்கள் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நஷ்ட ஈடு தரமாட்டார்கள் என்பது இதற்கு ஒரு காரணமாகப் பலராலும் சொல்லப்படுகிறது. வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு ஷரத்தில் ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் வீடு அவர்களுக்கே நிற்பதையும் கைவிட்டுப் போவதையும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவன் நான்.

அடுத்தது, எதிரியின் பெயர். ஜப்பானியர் காலத்தில் இதே கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து போரிட்டபோது பிரிட்டிஷாரின் நேசப்படை. அவர்களில் ஒருவரான சின் பெங்குக்கு யுத்தம் முடிந்ததும் பதக்கங்கள் கொடுத்தார்கள்; ஓ.பி.இ. விருதும் அறிவித்தார்கள். 1948-ல் அதே மனிதர், அதே காடு. பெயர் மட்டும் கொள்ளைக்காரர் என்று ஆகிவிட்டது. கலகக்காரர் என்று சொன்னால் ஜனங்களின் ஆதரவு இருப்பதாக அர்த்தப்பட்டுவிடும் என்ற கவலை சர்க்காரின் காகிதங்களில் தெரிகிறது. பிறகு, ஜப்பானியரும் சீனாவின் கோமிண்டாங்கும் கம்யூனிஸ்டுகளை அழைத்த பெயர் இதேதான் என்பது அவர்களுக்கு உறைத்தது. தோற்றவர்களின் சொல் ராசியில்லாத சொல். 1952-ல் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்பது உத்தியோகபூர்வமான பெயராயிற்று. ஸி.டி. என்று இரண்டு எழுத்தாகச் சுருங்கி, படைவீரன் வாயில் அது ஒரு மிருகத்தின் பெயர்போலப் புழங்கியது.

இந்தப் பெயர்களுக்குச் சதையும் ரத்தமும் உண்டு. 1948 டிசம்பர் 12-ல் சிலாங்கூரில் பத்தாங் காலி என்னும் இடத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றவர்கள் என்று ஏட்டில் எழுதப்பட்டது. 1970-ல் அந்தப் படையில் இருந்த சிலரே அது உண்மையல்ல என்று பத்திரிகைக்குச் சொன்னார்கள். விசாரணை தொடங்கி, கைவிடப்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்தார் பகிரங்க விசாரணை கேட்டுப் போட்ட வழக்கு 2015-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஏட்டில் விழுந்த ஒரு பெயரெச்சத்தை அறுபத்தேழு வருஷங்களில் அடித்துத் திருத்த முடியவில்லை.

1950-ல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி காட்டோரத்தில் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வீடுகளைக் காலி செய்து, முள்கம்பி சூழ்ந்த 400-க்கு மேற்பட்ட குடியிருப்புகளில் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு, அரிசிக்கு அளவு. டப்பாவில் அடைத்த உணவைக் கடைக்காரன் விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கெடாமல் காட்டுக்குள் போய்விடும். இந்த இடங்களுக்கு வைத்த பெயர் 'புதுக் கிராமம்'. தோட்டங்களில் தமிழர்களின் லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள். அதற்கும் ஒரு சாதுவான பெயர், மறுசீரமைப்பு.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதித்தது தஞ்சோங் மாலிம் ஊரில் நடந்தது. 1952 மார்ச்சில் அந்த ஊருக்கு அருகே ஒரு பதுங்கித் தாக்குதலில் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். புதிதாக வந்திருந்த ஹை கமிஷனர் ஜெரால்ட் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர்க்காரர்களைக் கடிந்துகொண்டார். நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. பிறகு வீட்டுக்கு வீடு ஒரு படிவம் வந்தது. கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள், கையெழுத்து வேண்டாம். படிவங்கள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூருக்குப் போயின. ஊர்ப் பிரதிநிதிகளை அழைத்துவந்து அவர்கள் முன்னிலையில் டெம்ப்ளர் பெட்டிகளைத் திறந்தார். அதன் பிறகு கைதுகள் நடந்தன, ஊரடங்கு தளர்ந்தது.

இதை அடக்குமுறை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் படிவத்தைக் கொஞ்சம் பாருங்கள். பசித்திருக்கும் ஒருவனிடம் காகிதத்தைக் கொடுத்து, உன் பெயர் எனக்கு வேண்டாம், இன்னொருவன் பெயரை எழுது என்கிறது. எழுதாமல் கொடுத்தால் அதுவும் ஒரு பதில். 'இதயங்களையும் மனங்களையும்' வெல்வது என்று டெம்ப்ளரின் பெயரோடு சேர்ந்து பிரசித்தமான சொற்றொடரின் அடியில் இந்தப் பூட்டிய பெட்டி இருக்கிறது. மனம் என்பது சர்க்கார் வாசிக்கத்தக்க ஒரு பிரதியாக ஆகியிருக்க வேண்டும். டெம்ப்ளருக்கு முன்பே, 1950–51-ல், எமர்ஜென்ஸியின் பிரச்சாரப் பிரிவை நடத்திய ஹ்யூ கிரீன் நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி என்பது தற்செயல்தான். என்றாலும், எழுத்து வேலையும் பெயரிடும் வேலையும் எவ்வளவு அண்டை வீடுகள் என்பதை அது காட்டிவிடுகிறது.

இரண்டு தமிழர்களின் கதை இதில் உண்டு. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் எமர்ஜென்ஸி விதிகளின்படி 1949 மே 4-ல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய சர்க்கார் கேட்டுக்கொண்டும் பயனில்லை. அதே விதிகளின்படி மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்பவரோ 1950-ல் பிரிவி கவுன்சிலில் விடுதலையானார். தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் அவர் முன்பே விடுவிக்கப்பட்டவர். துப்பாக்கிக் குற்றத்துக்கு நடந்த மறுவிசாரணையில், இரண்டையும் ஒப்புக்கொள்வதாக உள்ள ஒரு வாக்குமூலத்தை நம்பித் தண்டித்தார்கள்; அதில் ஒரு பாதி பொய் என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது என்பதைச் சொல்லவில்லை. லண்டனில் யாரோ அந்த வாக்குமூலத்தை ஒழுங்காக வாசித்தார்கள், ஒரு மனிதன் பிழைத்தான். வாசிப்பு உயிர் காரியமாக இருக்கும் இடங்கள் உண்டு என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல.

இங்கு முற்போக்கு நண்பர்கள் என்னோடு சேர்ந்து கைதட்ட வேண்டாம். காட்டுக்குள்ளும் ஒரு பெயர்ச்சொல் இருந்தது: துரோகி. அடையாள அட்டையைக் கிழிக்கத் தயங்கியவன், போலீசுக்குத் தகவல் சொன்னதாகச் சந்தேகப்பட்டவன், வேலைக்குப் போன பால்மரத் தொழிலாளி எல்லோர் மேலும் அந்தச் சொல் விழக்கூடியதாக இருந்தது. விழுந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. கொல்லப்பட்ட ஜனங்களில் பெரும்பாலோர் கெரில்லாக்களின் கையில் செத்தவர்கள். சர்க்காரின் பெயரை எடுத்துவிட்டு அங்கே 'போராளி', 'தியாகி' என்று நிரப்புவது படிவத்தை வேறு மையில் பூர்த்தி செய்வதுதான். படிவம் அப்படியே இருக்கிறது.

ஆக, என் அளவுகோல் இது. ஒரு நாவல் இந்தச் சொற்களைப் பயன்படுத்தும்போது அவை யாருடைய சொற்கள் என்று நமக்குக் கேட்கிறதா?

ஹான் சுயின் எழுதிய 'அண்ட் த ரெய்ன் மை டிரிங்க்' (1956) இதில் பாதிக்கு மேல் தேறுகிறது. அவர் ஜொகூரில் டாக்டராக இருந்தவர். கணவர் போலீசின் ஸ்பெஷல் பிராஞ்சில் அதிகாரி. நாவலின் பலம் அதன் அனுதாபத்தில் இல்லை. அனுதாபம் மிகும் இடங்களில் நடை பூத்து, கண்ணை மறைக்கிறது. பலம், மொழிபெயர்ப்பாளர்களில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நோயாளியின் பாஷை தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் அதிகாரிக்குக் கைதியின் பாஷை தெரியாது. ஒரு வாய் திறந்ததிலிருந்து ஏட்டில் விழும்வரை ஒரு வாக்கியம் எத்தனை கை மாறுகிறது என்பதைக் காட்டிவிடுகிறார். காட்டில் இருந்து, பின் போலீசின் வசமாகிவிடும் ஆ மெய் என்ற பெண்ணுக்கு எந்தப் பெயரும் முழுக்கப் பொருந்துவதில்லை. அவளைத் தீர்மானிக்காமல் விட்ட இடம்தான் நாவலின் கௌரவமான இடம்.

ஆந்தனி பர்ஜஸ்ஸின் காது இவரைவிடக் கூர்மை. 1954-லிருந்து மலேயாவில் ஆசிரியராயிருந்து, அந்த அனுபவத்தில் 1956–59-ல் மூன்று நாவல்கள் எழுதினார். மலாய், உருது, சீனம், யாழ்ப்பாணத்து உத்தியோகஸ்தர்களின் ஆங்கிலம் எல்லாம் அவர் பக்கத்தில் சத்தம் போடுகின்றன. ஆனால் எமர்ஜென்ஸி அவருக்குப் பெரும்பாலும் ஒரு ஹாஸ்ய நாடகத்தின் பின்திரை. இரண்டாவது நாவலில் கதாநாயகன் வீட்டுக் கிழட்டுச் சீனச் சமையல்காரன் காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு அனுப்பிவருகிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. அதே அரிசி புதுக் கிராமத்து வாசலில் ஒரு பெண்ணின் மடியில் பிடிபட்டால் அது கடுந்தண்டனைக்குரிய குற்றம். துரையின் சமையலறையில் அது கிழவனின் விசித்திரம், முள்கம்பிக்குப் பக்கத்தில் அது சப்ளை. பர்ஜஸ் அந்த முதல் பெயரோடு திருப்தியடைந்துவிட்டார் என்பதே என் குறை.

நம்மிடம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இருக்கிறது. அதன் காலம் எமர்ஜென்ஸிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆனாலும் நான் கேட்கும் குணம் அதில் உண்டு. மெடானிலும் பினாங்கிலும் ஒரு சொல் வந்து விழும்போது அது கடைத்தெருவிலிருந்து வந்ததா, ராணுவத்திலிருந்து வந்ததா, மதுரைப் பக்கத்து ஞாபகத்திலிருந்து வந்ததா என்று தெரிந்துகொண்டே இருக்கிறது. ஆசிரியர் யாருடைய சொல்லையும் தன் சொல்லாகச் சலவை செய்து தருவதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பாலிங் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் சமாதானம் பேசினார்கள். பேச்சு முறிந்ததற்குப் பல காரணங்கள். நடுவில் கிடந்தது ஒரு சொல்: சரண். ஆயுதத்தைக் கீழே வைக்கலாம், ஆனால் அதற்கு அந்தப் பெயரை ஏற்க முடியாது என்றார் சின் பெங். 1989 டிசம்பர் 2-ல் தாய்லாந்தின் ஹாட்யாயில் உடன்படிக்கை ஆனபோது, சரணடைவதாக அல்ல, ஆயுதப் போராட்டத்தை முடித்துக்கொள்வதாகவே அது எழுதப்பட்டது. முப்பத்து நான்கு வருஷங்கள்.

'எமர்ஜென்ஸி'யை நாம் தமிழில் அவசரகாலம், நெருக்கடி நிலை என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். நமக்கு அந்தச் சொல் 1975-ஐ ஞாபகப்படுத்துகிறது. அந்த ஞாபகமாவது நம்மைச் சற்று உஷார்ப்படுத்த வேண்டும். யாருக்கு நெருக்கடி, எவன் சொன்னான் என்ற கேள்வியோடுதான் மொழிபெயர்ப்பவன் அதைத் தொட வேண்டும். மலேசியாவில் புதுக் கிராமங்களில் பல இன்றும் ஊர்களாக இருக்கின்றன. முள்கம்பி போய்விட்டது. அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அது சொந்த ஊர், அவன் அந்தப் பெயரை நிம்மதியாகச் சொல்லலாம். அவனைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது.