வாஷிங்டன் வாலிபர்களின் பன்னிரண்டு பாட்டுக்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் 1980-ஆம் ஆண்டில் நான்கு வாலிபர்கள் கூடி ஓர் இசைக்குழுவை அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மைனர் த்ரெட்' என்பது. சிறியதோர் அச்சுறுத்தல் என்றும், வயது வராதாரின் அச்சுறுத்தல் என்றும் இப்பெயர் இருபொருள்படும். 1981-இல் இரண்டு சிறு இசைத்தட்டுக்களை வெளியிட்ட இக்குழு 1983-இல் கலைந்தது. அவ்விரு தட்டுக்களிலும் அடங்கிய பன்னிரண்டு பாட்டுக்கள் 1984-இல் ஒரே பெரிய தட்டாகத் தொகுக்கப்பெற்றன. அனைத்தையும் கேட்டு முடிக்க இருபது நிமிடங்கூட ஆகாது. எனினும் அவற்றைக் குறித்து ஆராய வேண்டியவை பல உள.

இவ்வகை இசையை ஹார்ட்கோர் பங்க் என்பர். இனிமையை நாடிச் செல்வோர்க்கு இது வெறும் இரைச்சலாகவே தோன்றும். பாடகர் இயன் மக்கேய் பாடுகிறார் என்பதினும் கூவுகிறார் என்பதே பொருந்தும். ஆயினும், கிதார்களும் முரசும் எத்துணை வேகத்திலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நால்வரும் ஒருசேர நிறுத்துகின்றனர். கோபத்திற்குப் பின்னே உழைப்பு இருக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

இனிப் பொருளை நோக்குவோம். 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்னும் பாட்டு 46 விநாடிகளே நீடிப்பது. மதுவும் போதைப் பொருளும் இன்றித் தெளிந்த அறிவோடு வாழ்வதே தமக்கு மேன்மை என அதில் மக்கேய் சாற்றுகிறார். மற்றொரு பாட்டு, குடித்துவிட்டுப் பிறரை அடிப்பவனின் வீரத்தை எள்ளி நகையாடுகிறது. முதியோர் மேடையேறி மதுவின் கேட்டை விளக்குவதும், இளைஞர் கொட்டாவி விடுவதும் எங்கும் காணும் காட்சி. இங்கோ, இருபது வயது நிரம்பாத ஒருவர், போதையையே கலகம் என்று எண்ணிய தம் தோழரிடையே நின்று, தெளிவே கலகம் என்கிறார். அப்பாட்டின் பெயரையே சூடிக்கொண்டு உலகெங்கும் ஓர் இயக்கம் எழுந்தது. அவ்வியக்கத்தார் சிலர் பிறரை அடக்கவும் அடிக்கவும் துணிந்தது வருந்தத்தக்கது. மக்கேயின் கருத்து அதுவன்று. 'அவுட் ஆஃப் ஸ்டெப்' என்ற பாட்டை 1983-இல் மீண்டும் பதிவு செய்தபோது, இது எவர்க்கும் விதித்த சட்டமன்று என்று இடையே பேசியும் வைத்தார்.

ஒரு பாட்டை மட்டும் நாம் ஒப்புதற்கில்லை. வெள்ளையனாய்ப் பிறந்ததே குற்றமா என்று கேட்பது அது. கறுப்பு மாணவர் பெரும்பான்மையாயிருந்த பள்ளியில் பயின்றவர் மக்கேய். தாம் பிறக்கும் முன்னே ஒழிந்த அடிமை முறைக்குத் தம்மைப் பழிப்பானேன் என்பது அவர் வழக்கு. நிறவெறியை எதிர்த்தே பாடினேன் என்று அவர் கூறியுள்ளார். அதனை நாம் நம்புகிறோம். ஆனால் வாஷிங்டன் பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டப்படி நீங்கியது 1954-இல். மக்கேய் பிறந்தது 1962-இல். எட்டே ஆண்டுகள்! பள்ளியில் பட்ட அடி மெய்யே. அந்த அடிக்குப் பின்னிருந்த வரலாற்றை இப்பாட்டு காணவில்லை. 1996-இல் ஸ்லேயர் என்னும் குழு இதனைப் பாடி, 'வெள்ளையன்' என்னும் சொல்லைச் 'சரியானவன்' எனப் பொருள்படும் சொல்லாக மாற்றிற்று. மக்கேய் அதனை வெறுத்தார். ஆயினும் அத்திரிபுக்கு இடந்தந்தது பாட்டின் குறைபாடே.

இவர்களின் தட்டுக்களை வெளியிட்ட 'டிஸ்கார்ட்' நிலையம் மக்கேயும் முரசு கொட்டிய ஜெஃப் நெல்சனும் தோழர்களும் 1980-இல் தொடங்கியது. உறைகளைத் தாமே மடித்து ஒட்டினர். மலிவான விலைக்கு விற்றனர். பெருமுதலாளிகளின் தயவின்றிக் கலை வாழும் என்பதற்கு இஃது நல்ல சான்று.

ஆதலின் இத்தொகுதியை நம் வாலிபர் கேட்பது நன்று. கொள்ளத்தக்கவற்றைக் கொண்டு, அவ்வொரு பாட்டை மட்டும் வரலாற்று நூலோடு சேர்த்துக் கேட்பாராக.