ஹால்ஸின் நிழலா யூடித் லெய்ஸ்டர்?

ஹாலந்தின் ஹார்லெம் நகரில் 1609-இல் பிறந்த ஓவியர் யூடித் லெய்ஸ்டரைப் பற்றி இரண்டு முடிவுகள் நெடுநாளாகப் புழங்குகின்றன. அவர் சமகால ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸைப் பார்த்து வரைந்தவர் என்பது ஒன்று. திருமணத்தோடு தூரிகையைக் கீழே வைத்துவிட்டார் என்பது மற்றொன்று.

முதல் கூற்றை அடியோடு தள்ளிவிட முடியாது. 1630-இல் அவர் வரைந்த, குடித்துக் களிக்கும் இணையின் படம் ஹால்ஸின் பெயரிலேயே விலைபோனது. 1893-இல் ஹோஃப்ஸ்டெட டி க்ரோட் என்ற அறிஞர், அதிலிருந்த நட்சத்திரம் சேர்ந்த முதலெழுத்துகள் லெய்ஸ்டருடையவை என்று கண்டுசொன்னார். வணிகர்களிடையே மூண்ட வழக்கு விலையைக் குறைத்துச் சமரசமானது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. விலை இறங்கியது பெயருக்காகத்தான். அதைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ள முடியாது.

ஹேக் நகரின் மொரித்ஸ்ஹவுஸில் உள்ள அவருடைய 1631-ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். விளக்கொளியில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் அவள் தோளைத் தொட்டு, உள்ளங்கை நிறையக் காசு நீட்டுகிறான். அவள் நிமிரவே இல்லை. கண் ஊசியிலேயே இருக்கிறது. சிரிப்பும் ஆரவாரமுமான ஹால்ஸின் உலகத்தில் இந்த இறுக்கத்துக்கு இடமில்லை. இது லெய்ஸ்டரின் சொந்தப் பார்வை.

தொழிலிலும் அவர் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. 1633-இல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் தேர்ந்த கலைஞராகச் சேர்ந்து, மாணவர்களை வைத்துக்கொண்டார். 1635-இல் ஒரு மாணவன் ஹால்ஸின் பட்டறைக்குப் போய்விட, சங்கத்திடம் முறையிட்டார். இழப்பீடாகக் கேட்டது 8 கில்டர், கிடைத்தது 4. ஹால்ஸுக்கும் அபராதம், மாணவனைப் பதிவுசெய்யாததற்காக இவருக்கும் அபராதம். நிழலாக வாழ்ந்தவர் ஹால்ஸோடு இப்படி மல்லுக்கு நின்றிருக்க மாட்டார்.

இரண்டாவது கூற்று பாதி உண்மை. 1636-இல் ஓவியர் யான் மொலெனாரை மணந்தபின் அவர் பெயரில் கிடைக்கும் படங்கள் சொற்பம்: 1643-இன் துலிப் மலர்ச் சித்திரம், 1654-இன் பூக்குவளை ஓவியம் என்று விரல்விட்டு எண்ணலாம். பிள்ளைகளும் கணவரின் வணிகமும் அவர் நேரத்தை விழுங்கியிருக்கலாம். பழைய வேகம் தொடர்ந்தது என்று வாதாடச் சான்றில்லை. ஆனால் 1668-இல் மொலெனார் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில், லெய்ஸ்டரின் ஓவியங்கள் ‘இறந்தவரின் மனைவி’ வரைந்தவையாகப் பதிவாயின. சங்கத்தில் தன் பெயரைப் பதித்தவருக்கு அந்த ஏட்டில் பெயரே இல்லை.

ஆகவே, ஹால்ஸின் நிழல் என்ற முதல் தீர்ப்பு செல்லாது. இரண்டாவதைத் திருத்தி எழுத வேண்டும்: திருமணம் அவருடைய தூரிகையைத் தளர்த்தியது, பெயரைத்தான் முழுதாகப் பறித்தது.