ஒரு வெள்ளி எண்பத்தைந்து காசான நாள்: அறுபதுகளின் அன்றாட வாழ்வை வாசிக்கும் முறை குறித்து

முன்னுரை

ஒரு நாளை எழுதுவது தமிழுக்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரை மாநகரின் பகலையும் இரவையும் நாளங்காடி, அல்லங்காடி ஆகியவற்றின் வழியே நமக்குக் காட்டுகிறார். அங்கே பொருள்கள் உள்ளன. அவற்றைச் சுமந்து வருவோரும் விற்போரும் வாங்குவோரும் உள்ளனர். விலைப்பட்டியல் மட்டும் இல்லை. இன்று நம்மிடையே வழங்கும் ‘அந்நாள்’ எழுத்துகளில் இந்நிலை தலைகீழாகியுள்ளது. விலைப்பட்டியல் உள்ளது, மனிதரைத்தான் காணவில்லை.

பள்ளி நிறைவு விழா மலர்கள், சங்கங்களின் பொன்விழா மலர்கள், மேடை உரைகள், மாணவர்க்கான வாசிப்புப் பகுதிகள் ஆகியவற்றில் ‘அறுபதுகளில் ஒரு நாள்’ என்னும் பொருள் அடிக்கடி இடம்பெறுகிறது. அதன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. அரிசி இத்தனை காசு, தேநீர் இத்தனை காசு, திரைப்படச் சீட்டு இத்தனை காசு என வரிசையாகச் சொல்லப்படும். அடுத்து எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களும் வானொலிப் பாடல்களும் நினைவுகூரப்படும். இரண்டொரு பெருஞ்செய்திகளைத் தொட்டுவிட்டு, ‘அது ஒரு பொற்காலம்’ என்று கட்டுரை முடிந்துவிடும். இவ்வெழுத்தை ஒரு தனி வகைமையாகக் கொண்டு, அது எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு 1967ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், திங்கட்கிழமையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

கூலியில்லாத விலை

விலை என்பது தனித்து நிற்கும் எண்ணன்று. அதனைக் கொடுப்பவரின் வருவாயோடு சேர்த்துப் பார்க்கும்போதே அதற்குப் பொருள் உண்டாகிறது. விளக்கத்திற்காக ஒரு தோட்டத் தொழிலாளியின் நாள் கூலியை மூன்று வெள்ளி என்றும், பட்டணத்துத் திரையரங்கின் சீட்டினை ஐம்பது காசு என்றும் வைத்துக்கொள்வோம். அச்சீட்டு அவருடைய நாள் கூலியில் ஆறில் ஒரு பங்காகும். கணவனும் மனைவியும் இரு பிள்ளைகளும் முழுச்சீட்டில் படம் பார்த்தால் இரண்டு வெள்ளி செலவாகும். பேருந்துக் கட்டணம் வேறு. ஐம்பது காசுக்குப் படம் பார்த்தோம் என்று நினைவுகூரும் முதியவர் பொய் சொல்லவில்லை. அந்த ஐம்பது காசினைச் சேர்க்க எத்தனை மரங்களைச் சீவவேண்டியிருந்தது என்னும் செய்தியைப் பட்டியல்தான் விழுங்கிவிடுகிறது.

தோட்டத்தில் இக்கணக்கு மேலும் சிக்கலானது. பால்வெட்டுத் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதி ரப்பரின் சந்தை விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1960ஆம் ஆண்டில் இராத்தல் ஒன்றுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1967இன் இறுதியில் ஏறக்குறைய அதில் பாதியாக இறங்கியிருந்தது. செயற்கை ரப்பரின் போட்டியும், அமெரிக்கா தன் கையிருப்பைச் சந்தையில் விற்றதும் இதற்குரிய காரணங்களுள் குறிப்பிடத்தக்கவை. தோட்டத் துண்டாடல் தொழிலாளர் குடும்பங்களின் வேலையையும் வீட்டையும் உலுக்கிய காலமும் இதுவே.

ஆகவே, தோட்டத் தமிழருக்கு அறுபதுகளில் உயிர்நிலையான விலை ஒன்று உண்டெனில், அது அரிசியின் விலையன்று, ரப்பரின் விலையே. அரிசி விலை அவர் கொடுப்பது. ரப்பர் விலை அவருக்குக் கிடைப்பதை முடிவு செய்வது. எனினும், நம் நினைவு மலர்களின் விலைப்பட்டியல்களில் ரப்பர் விலையைக் காண்பது அரிது. வாங்குவோராக மட்டுமே நம் முன்னோரைக் காணப் பழகிவிட்டோம். உழைப்போராகக் காண மறந்துவிட்டோம் எனலாம்.

பணத்தின் விலை மாறிய நாள்

1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் புதிய நாணயங்களை வெளியிட்டன. அதுவரை பொதுவாக வழங்கிய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளி உடனே செல்லாததாகிவிடவில்லை. பழையதும் புதியதும் ஒரே மதிப்பில் அருகருகே புழங்கின. பாய்மரப் படகு பொறித்த பழைய ஒரு வெள்ளித் தாளும், எருமை பூட்டி உழும் உழவர் பொறித்த பழைய பத்து வெள்ளித் தாளும் மக்கள் கைகளில் தொடர்ந்து இருந்தன. ஆனால் இரண்டுக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத ஒரு வேறுபாடு இருந்தது. பழைய வெள்ளி பிரிட்டிஷ் பவுனோடு கட்டப்பட்டது. அதன் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். புதிய வெள்ளிக்கு அத்தகைய கட்டு இல்லை.

நவம்பர் 18, சனிக்கிழமை இரவு, பிரித்தானிய அரசு தன் பவுனின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40ஆக, அதாவது 14.3 விழுக்காடு, குறைப்பதாக அறிவித்தது. நம் நாட்டில் அப்பொழுது ஞாயிறு விடியற்காலை. பவுனோடு பழைய வெள்ளியும் இறங்கியது. புதிய வெள்ளி இறங்கவில்லை. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய நாணயத்தில் எண்பத்தைந்து காசுதான் என்றாயிற்று.

மறுநாள் திங்கட்கிழமை. தோட்டங்களில் வழக்கம்போல் விடியுமுன் பிரட்டுக்கு ஆள் கூடியிருக்கும், கடைவீதிகள் திறந்திருக்கும். கடையில் எப்பொருளின் விலையும் அன்று மாறியிருக்கவேண்டியதில்லை. மாறியது பணத்தின் விலை. ‘1967இல் அரிசி என்ன விலை?’ என்று ஒருவர் கேட்டால், அந்நாளைப் பொறுத்தவரை ‘எந்த வெள்ளியில்?’ என்று திருப்பிக் கேட்பதே முறையான விடையாகும். விலைப்பட்டியல் என்னும் வகைமை இவ்வினாவின் முன் தடுமாறிப்போகிறது.

இழப்பு எல்லாரையும் ஒரே அளவில் தாக்கவில்லை என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. புதிய வெள்ளியில் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர் இழக்கவில்லை. பழைய தாள்களை மாற்றாமல் தகரப்பெட்டியிலும் தலையணைக்கடியிலும் சேமித்து வைத்திருந்தவரே இழந்தார். வங்கிக்குப் போகும் வழக்கமில்லாத தொழிலாளியும், அன்றாடக் காசைக் கையிலேயே புழங்கிய சிறு வணிகரும், மகளின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தாயும் இவ்வரிசையில் அடங்குவர். நூறு வெள்ளி சேர்த்திருந்தவர் ஒரே இரவில் பதினைந்து வெள்ளியை இழந்தார். நாள் கூலி மூன்று வெள்ளி என்னும் நம் கணக்கின்படி அது ஐந்து நாள் உழைப்பு.

ஊருக்குப் பணம் அனுப்பிய குடும்பங்களின் கணக்கையும் இங்கு நோக்கலாம். இந்திய ரூபாய் 1966 ஜூன் 6இல் மதிப்பிறக்கப்பட்டது. ஓர் அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ரூபாயாயிற்று. மூன்று வெள்ளி ஆறு காசு ஓர் அமெரிக்க டாலருக்கு நிகராக இருந்த அக்காலத்தில், நம் ஒரு வெள்ளி ஏறக்குறைய 1.55 ரூபாயிலிருந்து 2.45 ரூபாயாக உயர்ந்தது. தமிழகத்துக் குடும்பத்திற்கு அது நற்செய்தி. 1967 நவம்பரில் இந்தியா தன் ரூபாயை இறக்கவில்லை. எனவே 245 ரூபாயாகச் சென்றிருக்கவேண்டிய பழைய நூறு வெள்ளி, ஏறக்குறைய 208 ரூபாயாகச் சுருங்கியது. லண்டனில் எடுத்த ஒரு முடிவு, இங்குள்ள தோட்டத்து லயத்தின் வழியே தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் அடுப்பங்கரை வரை சென்றது. ‘அன்றாட வாழ்வு’, ‘உலகச் செய்தி’ எனத் தனித்தனித் தலைப்புகளில் எழுதும் நம் வழக்கம் இத்தொடர்பை மறைத்துவிடுகிறது.

அவ்வாரத்தின் வெள்ளிக்கிழமை, நவம்பர் 24இல், பினாங்கில் தொழிற்கட்சியின் அழைப்பின் பேரில் கடையடைப்பு நடைபெற்றது. மதிப்பிறக்கத்திற்கான எதிர்ப்பாகத் தொடங்கிய அது இனக் கலவரமாக மாறி, உயிர்ச்சேதத்திலும் ஊரடங்கிலும் முடிந்தது. பதினைந்து காசு என்பது சிறு தொகையன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பொழுதுபோக்கும் செய்தியும்

அதே நவம்பர் முதல் நாள், தீபாவளியையொட்டி, தமிழகத்தில் எம்.ஜி.ஆரின் ‘விவசாயி’யும் சிவாஜியின் ‘ஊட்டி வரை உறவு’, ‘இரு மலர்கள்’ ஆகிய படங்களும் வெளிவந்தன. அவ்வாண்டு சனவரி 12இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட செய்தியும், மார்ச்சில் அண்ணா தமிழகத்தின் முதலமைச்சரான செய்தியும் இங்குள்ள தமிழரை ஆழமாகத் தொட்டவை. தொலைக்காட்சி சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1963இலேயே வந்துவிட்டது என்றாலும், தோட்ட மக்களுக்கு வானொலியும் திறந்தவெளியில் திரை கட்டிக் காட்டப்பட்ட படங்களுமே நெருக்கமானவையாக இருந்தன.

இவற்றை நினைவுகூர்வதில் தவறில்லை. உழைப்பால் களைத்த மக்களுக்குக் கலை தந்த ஆறுதலை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. பாடலையும் படத்தையும் பற்றிய நினைவு, கூடி வாழ்ந்த வாழ்வின் நினைவுமாகும், அது மெய்யானது. ஆனால் அப்படங்கள் நினைவில் நிற்க, அதே மாதத்தில் நிகழ்ந்த மதிப்பிறக்கம் மறைந்துபோனது ஏன் என்று கேட்கவேண்டியுள்ளது. இழப்பை நினைவுகூர்வதற்குரிய விழா எதுவும் இல்லை என்பது ஒரு காரணமாகலாம். திரைப்படத்திற்குப் பாடல் உண்டு. அப்பாடல் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. கரைந்துபோன சேமிப்பினை மீண்டும் ஒலிக்கச் செய்ய எழுத்து ஒன்றே உண்டு. அவ்வெழுத்தும் தன் கடமையைச் செய்யத் தவறினால் இழப்பு இரட்டிப்பாகிவிடும்.

நம் துறையின் பொறுப்பு

இவ்விடத்தில் நாம் பிறரை மட்டும் குறைகூறுதல் முறையாகாது. அறுபதுகளைப் பற்றிக் கல்வியாளராகிய நாம் எழுதும்போதெல்லாம் முதலில் குறிப்பிடுவது 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நிகழ்ந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டினையே. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயக அடிகளின் உழைப்பால் நிகழ்ந்த அம்மாநாடு பெருமைக்குரியது; அதில் ஐயமில்லை. ஆனால் 1966 ஏப்ரலைப் போற்றும் நம் வரலாற்றில் 1967 நவம்பருக்கு ஒரு பத்தியாவது உண்டா? மொழியின் பெருமையும் அம்மொழியைப் பேசியவரின் கையிருப்பும் ஒரே காலத்தின் இரு செய்திகள். முன்னதை ஆய்வாகவும் பின்னதை வெறும் நினைவாகவும் பிரித்து வைத்தது நம் ஆய்வு மரபின் குறை என்றே கருதுகிறோம்.

முடிவுரை

இது வெறும் ஆய்வுச் சிக்கலன்று. வகுப்பறையில் ‘அன்றைய விலை’ப் பகுதியைப் படிக்கும் மாணவர் என்ன முடிவுக்கு வருகிறார்? எல்லாம் மலிவாகக் கிடைத்த காலத்தில் தாத்தாவும் பாட்டியும் வாழ்ந்தனர். அப்படியிருந்தும் அவர்கள் எதையும் சேர்க்கவில்லை. இம்முடிவு சொல்லாமலே வந்து சேர்கிறது. தம் முன்னோரின் வறுமைக்கு அவர்களையே காரணமாக்கும் எண்ணம் இளம் உள்ளத்தில் இவ்வாறு விதைக்கப்படுகிறது. பொற்காலம் என்று புகழ்வதுபோல் தோன்றும் எழுத்து, உண்மையில் அக்காலத்து மக்கள்மேல் பழி சுமத்துகிறது.

ஆகவே, தமிழாசிரியர்கள் இத்தகைய பகுதிகளைப் பாடமாக்கும்போது மூன்று வினாக்களை மாணவர் முன் வைக்கலாம். இவ்விலை எத்தனை மணி நேர உழைப்புக்கு ஈடானது? அவ்வுழைப்பின் கூலியை முடிவு செய்தவர் யார்? இந்நாளில் யாருடைய இழப்பு பட்டியலில் இடம்பெறவில்லை? இவ்வினாக்களோடு மாணவர் தம் வீட்டு முதியவரை அணுகுவாராயின், விலைகளோடு ஒரு வாழ்க்கையையும் கேட்டறிவார். பழைய பெட்டியின் அடியில் பாய்மரப் படகு பொறித்த தாளொன்று கிடைத்தால், அதனை அழகிய பழம்பொருளாக மட்டும் அவர் காணமாட்டார். அது ஒருவருடைய உழைப்பில் பதினைந்து காசினை இழந்த தாள் என்பதையும் அறிவார். அறுபதுகளில் வாழ்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்பதற்குரிய காலம் சுருங்கி வருவதால், இப்பணியை நாம் இனியும் தள்ளிப்போடுதல் தகாது.