ரீச்சரின் கொப்பி

திருகோணமலை லிங்கநகரில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது ஒரு பயிற்சிக் கொப்பி. சாப்பாட்டு மேசையில், மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாதபடி திறப்புக் கொத்தைப் பாரம் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் கண் சிகிச்சைக்காகச் சென்னை வந்து வளசரவாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் தங்க, கோடை விடுமுறைக்கு நாங்கள் அவர்கள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வாடகை கிடையாது, வீட்டுக்கு வீடு. இந்த வழக்கத்தை முறையாகத் தொடங்கிவைத்தவர்கள் ஆசிரியர்களே. நீண்ட விடுமுறை உண்டு, செலவழிக்கக் காசு இல்லை என்றிருந்த ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் 1953இல் ஆரம்பித்த இன்டர்வாக் என்ற வீட்டுப் பரிமாற்ற அமைப்பு இன்றும் நடக்கிறது. எங்கள் விஷயத்தை உறவினர் ஒருவரே தொலைபேசியில் பேசி முடித்தார். ஆனாலும் ஆசிரியர் தொடர்பு விட்டுப்போகவில்லை: வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. தெரு முழுக்க அவர் ‘ரீச்சர்’தான். கொப்பியில் சிவப்பு மையில் ஓரக்கோடு இழுத்து, ஒவ்வொரு குறிப்புக்கும் எண் போட்டிருந்தார்.

நல்ல கவிதைக்கு நயம் பாராட்டுகிறோமே, இந்தக் கொப்பிக்கும் பாராட்டலாம் என்பது என் கட்சி.

முதல் குறிப்பு காற்றைப் பற்றியது. “மேற்கு யன்னல் ரெண்டையும் பத்து மணிக்கே சாத்திப்போடுங்கோ. இது கச்சான் காலம். கச்சான் உள்ளுக்கு வந்தால் பாயும் சுடும். பின்னேரம் கிழக்குப் பக்கத்தைத் திறவுங்கோ.” தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு, சூடேறிக் கிழக்குக் கரைக்கு இறங்குகிறது. இந்த ஊருக்கு மழை வேண்டுமென்றால் ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வர வேண்டும். வைகாசியில் போய் இறங்கிய எங்களுக்கு இத்தனை பூகோளமும் தேவையில்லை என்று ரீச்சருக்குத் தெரியும். முதுகுக்கு எது புரியுமோ அந்தப் பாயை மட்டும் எழுதினார். ஒரே ஒரு மதியம் சோம்பலில் யன்னலைச் சாத்தாமல் படுத்துப் பார்த்தோம். பாய் சுட்டது.

மின்சாரத்துக்கு அடுத்த இடம். “இஞ்ச சதுரக்கால் பிளக். உங்கட வட்டக்காலுக்கு மாத்திக் கட்டை மேசை லாச்சியில ரெண்டு கிடக்கு. ஒண்டு ஃபோனுக்கு, ஒண்டு சண்டை வராமலிருக்க.” அதற்கடுத்து: “மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை. 2006இல இருந்து உங்கட நேரந்தான் எங்களுக்கும்.” இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்து, பத்து வருடம் அதோடு மல்லுக்கட்டி, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. வெளிநாடு வந்திருக்கிறோம் என்ற நினைப்பில் கைக்கடிகாரத்தைத் தொடப்போனவனுக்கு அந்த வரி பெரிய ஆறுதல்.

சமையலறைப் பக்கங்களில்தான் ரீச்சரின் நடை முழு அழகோடு நிற்கிறது. “சொதிக்கு முதற்பாலை அடுப்பை நூர்த்த பிறகு விடுங்கோ. கொதிச்சால் திரைஞ்சு போகும். பிறகு தேங்காயைப் பேசக் கூடாது.” “ரம்பை கிணத்தடியில நிக்குது. அடி இலையாப் பாத்து முறியுங்கோ. குருத்தை விட்டால்தான் அடுத்த கிழமைக்கும் இலை.” நான் பார்த்த விடுதிகளின் குறிப்புகள் ‘கூடாது’ என்று சொல்வதோடு நின்றுவிடும். இங்கே எதைச் சொன்னாலும் ஏன் என்பது பின்னாலேயே வந்துவிடுகிறது. காரணம் தெரிந்த பிறகு அது கட்டளையாக இருப்பதில்லை, வீட்டு நடைமுறையாகிவிடுகிறது. ரம்பையின் அடி இலையை ஓசைப்படாமல் முறித்துச் சட்டியில் போடும்போது, யார் வீட்டுச் செடி என்ற கூச்சம் என் மனைவிக்கு இரண்டாம் நாளே போய்விட்டது.

“பின்னேரம் பேத்தோவன் கேட்டால் கேற்றடிக்கு ஓடுங்கோ. மாலுபாண்தான் முதல்ல முடியும்.” படித்தபோது புரியவில்லை. மாலையில் தெருமுனையில் பேத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’ கீச்சென்று ஒலிக்க, கண்ணாடிப் பெட்டி பூட்டிய ஆட்டோ ஒன்று திரும்பியது. பாண் வண்டி! மாலுபாண் என்பது அதில் வரும் மீன் பன். இலங்கை முழுக்க இந்த வண்டிகளுக்கு அந்த இசைதான் அடையாளம். வியன்னாவில் எழுதப்பட்ட ஒன்றைக் கேட்டதும் லிங்கநகரில் பிள்ளைகள் செருப்பைத் தேடுகிறார்கள்.

ஊர் சுற்றுவதற்கு ரீச்சர் ஒதுக்கியது ஒரே பக்கம். “கோணேசர் கோயிலுக்கு வெள்ளெனப் போங்கோ, வெயில் ஏறினால் கல்லில கால் வைக்கேலாது. கோட்டைச் சுவரையும் தொட்டுக் கும்பிடுங்கோ. அதுவும் கோயில்தான்.” சுவாமி மலையிலிருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தார்கள், அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். இன்றைய கோயிலுக்கு அந்தக் கோட்டை வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். இதை ஆவேசமாக எழுதியவர்கள் பலர். ரீச்சரோ இடித்தவனையும் திட்டவில்லை, இழந்ததற்கும் அழவில்லை. நம் கையை எடுத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களுக்கும் ஒரு வரி உண்டு: “ஒண்டும் குடுக்க வேண்டாம், பையோட சேத்துத் திண்டுடும்.”

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் ஏழிலும் வார்க்கச் சொல்கிறார். பக்கம் பக்கமாக இருந்தாலும் சூடு ஒன்றுபோல் ஒன்று இல்லையாம், உண்மைதான். பிறகு இது: “ஜேன் ஒஸ்டின் வாசிச்சிருந்தால், அவவின்ர தம்பி சாள்ஸ் இஞ்சதான் இருக்கிறார், வெள்ளைக்காரரின்ர பழைய சவக்காலையில. ஒருக்கால் எட்டிப் பாருங்கோ, ஆரும் போறேல்லை.” சார்ல்ஸ் ஆஸ்டின் ஆங்கிலக் கடற்படையில் ரியர் அட்மிரல். 1852இல் பர்மாப் போரின்போது அங்கே இறந்து, இந்தத் துறைமுக நகரில் அடக்கமானார். ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே போனவரை, விருந்தாளி வராமல் சலித்திருக்கும் அண்டை வீட்டுக்காரராக்கிவிட்டார் ரீச்சர். போகாமல் இருக்க முடியுமா? திரும்பும் வழியில் உள்துறைமுகத்துக்கு அப்பால் சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். கிழக்குக் கடற்கரை ஊரில் தண்ணீருக்கு அப்பால் மறையும் சூரியன், மெரினாக்காரர்களுக்குக் கிடைக்காத காட்சி.

கொப்பியில் காரணம் எழுதாத வரி ஒன்றே ஒன்று. “சாமியறை அலுமாரிக்கு மேல இருக்கிற சூட்கேசை அப்பிடியே விடுங்கோ.” அவ்வளவுதான். இடம்பெயர்ந்து பழகிய குடும்பங்கள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள். உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. பையைப் பிரித்து அடுக்கிவிட எல்லோருக்கும் மனம் வந்துவிடவில்லை. இந்தச் சூட்கேஸில் என்ன இருந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. பிளக் கட்டைக்குக்கூட விளக்கம் சொன்ன பேனா இங்கே சட்டென்று நிற்கிறது; பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் இந்த அழுத்தம் வந்திராது.

கடைசிக் குறிப்பில் பழைய குறும்பு திரும்பிவிடுகிறது. “போகேக்க வீட்டைக் கழுவித் துடைக்க வேண்டாம். ரெண்டு தேங்காய் உரிச்சு வையுங்கோ, வந்த உடன சமைக்கலாம்.” வாடகையில்லாத வீட்டில் இருந்தவனுக்குக் கடைசி நாளில் மனசு உறுத்தும். எவ்வளவு செய்தால் ஈடாகும் என்று தெரியாது. ரீச்சர் விலையை அவரே குறித்துவிட்டார்: இரண்டு தேங்காய், அதற்குமேல் கடன் இல்லை. சென்னைக்காரனுக்கு மட்டை உரிக்க வருமா என்ற சந்தேகமும் அவருக்கு இருந்திருக்கிறது. கீழே சின்ன எழுத்தில்: “அலவாங்கு கிணத்தடியில. ஏலாட்டில் பக்கத்து வீட்டு அண்ணையைக் கூப்பிடுங்கோ, அவருக்கும் பொழுது போகும்.”

கூப்பிட்டோம். இரண்டுக்கு வந்த அண்ணை ஆறு உரித்துவிட்டுத்தான் அலவாங்கைப் பிடுங்கினார்.