குழியும் முகமும்: போர்நூல்கள் இரண்டில் ஆயுதமும் எடுத்துரைப்பும்

முதலாம் உலகப்போர் பற்றி ஜேர்மன் மொழியில் எழுந்த நூல்களுள் ஏர்ண்ஸ்ற் யுங்கரின் 'எஃகுப் புயலில்' (1920), எரிக் மரியா ரெமார்க்கின் 'மேற்கு முனையில் யாவும் அமைதி' (1929) ஆகிய இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி நோக்குதல் திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. முன்னது போரைப் போற்றுவது, பின்னது போரை வெறுப்பது என்ற பாகுபாட்டோடு ஆராய்ச்சி பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ஆசிரியரின் கருத்துநிலை கொண்டு நூலை அளக்கும் இம்முறை பிழையானதன்று, ஆயின் போதாதது. இவ்விருவரும் எவ்வாயுதத்தின் கீழ், எப்போர்முறையினுள் நின்று எழுதினர் என்ற வினாவை அது எழுப்புவதில்லை.

1914ஆம் ஆண்டின் இறுதியில் பெல்ஜியக் கடற்கரையிலிருந்து சுவிற்சர்லாந்தின் எல்லைவரை ஏறத்தாழ 700 கிலோமீற்றர் நீளத்துக்குப் பதுங்குகுழிகள் தோண்டப்பட்டுவிட்டன. இயந்திரத் துப்பாக்கியும் முட்கம்பியும் காப்போன் பக்கம் நின்றன. தாக்குவோனுக்குப் பீரங்கி ஒன்றே வழியாயிற்று. 1916 யூலை 1ஆந் திகதி சொம் ஆற்றுப் பகுதியில் அவ்வழியும் பொய்த்தது. ஒரு வாரகாலம் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் எறிகணைகளை வீசிய பின்னரே பிரித்தானியர் எழுந்து நடந்தனர். பல இடங்களில் முட்கம்பி அறுபடாமலிருந்தது. ஆழ்நிலவறைகளில் ஒடுங்கியிருந்த ஜேர்மனியர் மேலேறி வந்து இயந்திரத் துப்பாக்கிகளை இயக்கினர். அன்று ஒரு நாளில் மாண்ட பிரித்தானியப் படையினர் 19,240 பேர். பிரித்தானியர் அப்போரில் உற்ற காயங்களில் ஐந்தில் மூன்று பங்குவரை எறிகணையாலும் குறுவீச்சுப் பீரங்கியாலும் நேர்ந்தவை. துப்பாக்கி முனைக் கத்தியால் நேர்ந்தவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கொல்பவனைக் கொல்லப்படுபவன் காணாத போர் இது. எறிகணைச் சிதறலுக்கு மார்பென்றும் முதுகென்றும் வேறுபாடில்லையாதலின், விழுப்புண் என்ற சொல்லுக்கே இங்கு இடமில்லாமற் போகின்றது.

ரெமார்க் இதனை நன்கறிந்தவர். 1917 யூன் மாதத்தில் முனைக்குச் சென்று, யூலை 31ஆந் திகதி எறிகணைச் சிதறல்களாற் காயமுற்று மீண்ட அவரது போரனுபவம் குறுகியதே. எனினும் அவருடைய நாவலில் ஆயுதங்கள் பற்றிய அறிவு நுண்மையானது. துப்பாக்கி முனைக் கத்தி எதிரியின் விலா எலும்பிற் சிக்கிக்கொள்ளும். மண் அள்ளும் சவளின் ஓரத்தைக் கூராக்கி வைத்திருப்பதே மேலானது என அவருடைய படைவீரர் கற்றுக்கொள்கின்றனர். எறிகணையின் வகையை அதன் ஒலிகொண்டு பிரித்தறியாத புதியவர் முதலில் மடிகின்றனர். நச்சுவாயு குழிகளிலே தங்கிநிற்கும் என்பதறியாது முகமூடியை முந்திக் கழற்றியோரும் அவ்வாறே. வீரம் இருந்த இடத்தில் செவிப்புலன் வந்து அமர்ந்துவிட்டது. வீரயுகப் பாத்திரங்களைப்போல ரெமார்க்கின் பாத்திரங்கள் செயல்புரிவதில்லை. கேட்கின்றனர், பதுங்குகின்றனர், காத்திருக்கின்றனர்.

காணாத எதிரி கண்ணெதிரே வரும் கட்டம் இரு நூல்களிலும் உண்டு. இரண்டிலும் ஒரு குடும்பப் புகைப்படம் வருகின்றது. யுங்கர் 1918 மார்ச் 21ஆந் திகதித் தாக்குதலின்போது பிரித்தானிய அதிகாரி ஒருவரின் நெற்றிப்பொட்டிற் கைத்துப்பாக்கியை வைக்கின்றார். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவது தம் குடும்பத்தாருடன் இருக்கும் படம். யுங்கர் அவரை விட்டுவிட்டு முன்செல்கின்றார். சில வாக்கியங்களில் நிகழ்ச்சி முடிந்துவிடுகின்றது. ரெமார்க்கின் போல் பொய்மரோ எறிகணைக் குழியொன்றினுள் தன்மேல் வந்து வீழ்ந்த பிரெஞ்சுக்காரனைக் குத்துவாளாற் குத்திவிட்டு, அவன் இறக்கும்வரை அருகிலேயே கிடக்கின்றான். அவன் பெயர் ஜெரார் டுவால், அச்சுக்கோப்பாளன் என்பதும், மனைவியும் சிறுமகளும் உள்ளவன் என்பதும் பணப்பையிலிருந்த பத்திரங்களாலும் படங்களாலும் தெரியவருகின்றன.

யுங்கர் கல்நெஞ்சர், ரெமார்க் இரக்கமுள்ளவர் என்று இவ்வேறுபாட்டை விளக்கிவிடுவது எளிது. எனக்கு அது நிறைவளிக்கவில்லை. யுங்கர் அன்று உயிரைப் பறிக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அன்றைய தாக்குதல் புதிய போர்முறையில் அமைந்தது. 6,000க்கு மேற்பட்ட பீரங்கிகள் ஏறத்தாழ ஐந்து மணிநேரம் முழங்கி ஓய்ந்ததும், கைக்குண்டும் இலகு இயந்திரத் துப்பாக்கியும் தீயெறி கருவியும் தாங்கிய சிறு குழுக்கள் வலுவான நிலைகளை விலக்கி இடைவெளிகளூடே புகுந்து சென்றன. எதற்காகவும் நில்லாதிருத்தலே ஊடுருவல் முறையின் விதி. யுங்கரின் வாக்கியமும் நிற்கவில்லை. பொய்மரால் அவ்வாறு கடந்துபோக இயலாது. பொழுது விடிந்துவிட்டது, குழியின் விளிம்புக்குமேல் இயந்திரத் துப்பாக்கிச் சன்னங்கள் பறக்கின்றன. அவனைத் தன் எதிரியின் முகத்தோடு பிணைத்து வைப்பது அந்தத் துப்பாக்கி. குற்றவுணர்வு நீண்டு வளர்வதற்கு வேண்டிய காலத்தைப் போர்முறையே அளிக்கின்றது.

யுங்கரே நிற்க நேர்ந்தபோது அவர் குரலும் மாறுகின்றது. அதே தாக்குதலுக்கு முன்னர், எறிகுழியொன்றிற் கூடியிருந்த அவரது படையணியின் நடுவே ஓர் எறிகணை வீழ்கின்றது. படையணியிற் பெரும்பகுதி அழிகின்றது. அவர் அழுததை அவரே எழுதுகின்றார். நூலைப் பலமுறை திருத்தி, 1924இல் தேசிய வெறியை ஏற்றியும் 1934இல் அதைக் குறைத்தும் பதிப்பித்தவரின் பக்கங்களுள் இப்பகுதியையே நான் பெரிதும் நம்புகின்றேன்.

ரெமார்க்கிடமும் குறையுண்டு. அவர் நூலை மட்டும் படிப்பவர் நான்காண்டுகளும் எதுவும் மாறவில்லை என்றே கருதுவர். 1916 செப்ரெம்பர் 15ஆந் திகதி களத்திற் தோன்றிய தாங்கிகளும், காலாட்படைக்கு முன்னே படிப்படியாக நகரும் பீரங்கித் திரையும், முன்சோதனை வேட்டின்றிக் குறிபார்த்துச் சுடும் முறையும் போரை மாற்றிக்கொண்டிருந்தன. ரெமார்க்கின் இறுதிப் பகுதியிலே தாங்கிகள் வருகின்றன. போர்முறையின் மாற்றமாக அன்று, மற்றுமொரு கொடுமையாக. படுத்துக் கிடப்பவனின் பார்வை அது. அதற்கு மேல் அவன் காண்பதற்கில்லை.

டுவாலின் மரணத்தை அடுத்து ரெமார்க் வைத்துள்ள சிறு காட்சியைத் திறனாய்வாளர் பெரும்பாலும் கடந்துவிடுகின்றனர். மீண்டு வந்த பொய்மரைத் தோழர்கள் தேற்றுகின்றனர். குறிசுடும் வீரனான ஓல்றிச்சைச் சுட்டிக்காட்டுகின்றனர். அவன் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியுடன் குழியின் படியில் நின்று, அன்று தன் குறிக்குத் தப்பாதவர்களைக் கணக்கிட்டு மகிழ்கின்றான். தொலைநோக்கியினூடே அவனுக்கும் முகங்கள் தெரிகின்றன. பொய்மரின் மனம் அமைதியடைகின்றது.